கரண்ட் இல்லாமல் கேட்ட கிடார்

உலகத்திலேயே எலெக்ட்ரிக் கிடாரைக் கரண்ட் இல்லாமல் கேட்டு வாங்கிய ஒரே மனிதன் நான்தான். பழைய கிடார் கடையில் ஒரே மாதிரிக் கறுப்பில் ஒன்பது தொங்கின. நான் இந்தக் கதையைச் சொல்லும்போது அது தொண்ணூறாகிவிடும். எனக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று.

"பின்மூடியைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்," என்றான் கூட வந்த என் மச்சான்.

"வாங்கினதுக்கு அப்புறம் கழட்டுங்க. ஆனா திருப்பி எடுக்க மாட்டேன்," என்ற கடைக்காரர், ஆம்ப்ளிஃபையர் ஒயரை எடுத்தார்.

"அது வேண்டாம். சும்மா கம்பியைத் தட்டுங்க."

"சும்மா தட்டினா கொசு முனகற மாதிரிதான் சார் இருக்கும்!"

"அந்தக் கொசுவைத்தான் தேடி வந்திருக்கேன்."

"அத்தான், உங்களுக்குக் காலிங்பெல்லே கேக்காது. மானத்தை வாங்காதீங்க."

ஒவ்வொன்றாகத் தட்டினார். ஏழாவது முனகியதும், "இதுதான்," என்றேன். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கை மட்டும் பணத்தை எடுத்து நீட்டியது.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"சத்தம் கேட்டா உடைச்சிடுவேன்னு என் பையனை மிரட்டி வச்சிருந்தேன். அவன் ஒயரை மாட்டினதே இல்லை. ஆறு வருஷம் அவனுக்குத் தெரியாம கதவுல காதை வச்சு இதைத்தான் கேட்டேன்."

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. மச்சான் குனிந்து பார்த்தான்.

"அவன் எழுத்துதான் அத்தான்," என்றான். "அவன் செத்த மறுவாரம், கண்ணுல படக் கூடாதுன்னு நீங்க சொல்லி, நான் இங்க கொண்டாந்து வித்தது இதேதான்."