லாய்ஹோ மட்டும் பார்க்கும் பாதங்கள்

கான்டன் நகரத்து ஔ குடும்பத்தார் வீட்டில், சிறுவயது முதலே துணியால் இறுகக் கட்டிய எசமானியின் பாதங்களை அவிழ்த்துக் கழுவும் பெண்ணுக்கு எப்போதும் லாய்ஹோ என்றுதான் பெயர். அவளைத் தவிர யாரும் அவற்றைப் பார்க்கக் கூடாது. முந்தைய லாய்ஹோ காய்ச்சலில் செத்த மறுவாரம், விலைக்கு வாங்கிய இந்தச் சிறுமிக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

மாடிக்கு வெந்நீர் சுமந்து சுமந்து பத்தே நாளில் இவள் இடுப்பு ஒடிந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து, "லாய்ஹோ!" என்று குரல் வந்தபோது இவளால் எழ முடியவில்லை.

"இதோ வரேம்மா" என்று யாரோ சொன்னார்கள். வெந்நீர் படியேறிப் போயிற்று. அப்பாடா என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் சமையற்காரி சோறு போடவில்லை. "இப்பத்தானேடி தின்னுட்டுப் போனே? அது வயிறா, தாழியா?"

இவள் பதறி மாடிக்கு ஓடினாள். எசமானி வெந்நீரிலிருந்த பாதங்களைச் சட்டென்று பாவாடையால் மூடினாள்.

"யாருடி நீ? லாய்ஹோ, அந்தக் கதவைச் சாத்து!"

கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்தப்பட்டது.