ஓவர்டைமும் சேர்த்து

செல்லக்கண்ணு சாட்சிக் கூண்டில் ஏறியதும் பூவம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எட்டு வயது கமலாவுக்கு மாதாமாதம் அவன் எவ்வளவு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன். வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான், அது அவன் வாய்க்கும் வயிற்றுக்குமே எட்டவில்லை என்று அவனுடைய வக்கீல் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தார்.

கப்பல் வந்தால் ஓவர்டைம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம் உண்டு என்றாள் பூவம்மா. நீ பார்த்தாயா என்று வக்கீல் மடக்கினார்.

எங்கே பார்ப்பது? கூட இருந்த காலத்திலேயே அவன் சம்பளம் தேவரகசியம். இப்போதோ ஊரின் மறுகோடியில், செம்பவாங்கில் வேறொருத்தியோடு குடித்தனம்.

ஆனால் அவளுடைய பயம் அதுவல்ல. கமலாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சல்லிக்காசு கொடுக்க வேண்டியிருக்காது. கோபம் வந்தால் அவன் வாயில் எதுவும் நிற்காது. கோர்ட்டுக்கு இழுத்த பெண்டாட்டியைப் பழிவாங்க இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். செல்லக்கண்ணு வக்கீல் பக்கமே திரும்பவில்லை.

"வக்கீலய்யா சொன்னது பாதிதாங்க. ஓவர்டைமு, ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் சேத்து எழுதிக்குங்க."

பூவம்மாவால் நம்ப முடியவில்லை. இவனா, இந்த வாயா?

மாஜிஸ்திரேட்டுக்கும் வியப்புதான். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்.

வராந்தாவிலிருந்து கமலா வந்தாள். பாவாடை சட்டை, இரட்டைச் சடை, கனகாம்பரம், நெற்றியில் திருநீறு. கூண்டில் நின்றவனைப் பார்த்ததும் அப்பா என்று சிரித்தாள்.

முகம் மட்டும் அச்சு அசல் சீன முகம்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன மறுவருஷம், வளர்க்க வழியில்லாத ஒரு சீனத் தாய் துணியில் சுற்றிப் பூவம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை அது. தத்தெடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

மாஜிஸ்திரேட் பிள்ளையைப் பார்த்தார். அட்டக்கறுப்பாக நின்ற செல்லக்கண்ணுவைப் பார்த்தார். இது நீ பெற்ற பிள்ளையா என்று கேட்டார்.

சரிந்து கிடந்த வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பெத்த மகதாங்க. கலரு மட்டும் எங்க ஆத்தாவாட்டம்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் அவனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, பூவம்மா கேட்ட தொகையையே எழுதினார்.

விட்டுவிட்டுப் போனவன்தான். அந்த மனத்தாங்கல் அவளுக்குச் சாகும்வரை போகாது. ஆனாலும் அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அவனுடைய ஆத்தா எத்தனை கறுப்பு என்று அந்த அறையில் அவனை விட்டால் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.