பூஜ்யம் வரைக்கும்

அந்த வீட்டில் சத்தம் தன் சொல்லுக்குத்தான் கட்டுப்படும் என்று டிவி ரிமோட் நம்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டிவியையும் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரையும் மெல்லிய டிஜிட்டல் கேபிள் ஒன்றால் இணைத்தார்கள். மத்தியானம் ஆம்ப்ளிஃபயரில் பாட்டு அலறியது. தொட்டிலில் குழந்தை புரண்டது. அம்மா அவசரமாகப் பொத்தானை அழுத்த, ரிமோட்டும் "குறை, குறை" என்றது. திரையில் எண் முப்பதிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. சத்தம் இம்மியளவும் குறையவில்லை.

ரிமோட்டுக்கு ஆச்சரியம். "வழியில் நீ ஏதும் சேர்த்துச் சொல்கிறாயா?" என்று கேபிளிடம் கேட்டது.

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. டிவி எப்போதும் முழுச் சத்தத்தைத்தான் கொடுக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் குமிழின் வேலை."

அதற்குள் குழந்தை வீறிட்டது. அம்மா ஓடிப்போய் அந்தக் குமிழைத் திருகினாள். வீடு அடங்கியது.

ரிமோட் டிவியைப் பார்த்தது. "அப்புறம் எதற்கு எனக்குப் பூஜ்யம் வரைக்கும் காட்டினாய்?"

"நீ அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாய்," என்றது டிவி. "உன் மனசு நோகுமே என்றுதான்."