கூட இருக்கிறவங்க

பத்தொன்பது வருடங்களுக்கு முன் விட்டுப்போன புருஷன் பக்கவாதத்தில் கிடப்பதாக நாத்தனார் போன் செய்தபோது, தங்கபுஷ்பம் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தாள். மறுபடியும் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

வார்டு வாசலில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். “அட்டெண்டர்னு போட்டிருக்கிற எடத்துல கையெழுத்துப் போடுங்கம்மா.”

“அப்படின்னா என்ன சிஸ்டர்?”

“நோயாளிகூட இருக்கிறவங்க.”

பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அவள் கூட இருந்தது மொத்தமே நாலு வருஷம். அதற்குப் பிறகு இருந்தது வேறொருத்தி.

“அந்தப் பொம்பள வரலையா?”

“மூணு நாளா யாருமே வரலை. அவருக்குப் பேச்சும் இல்ல.”

தாளோடு நர்ஸ் பின்னால் உள்ளே போனாள். கட்டிலில் அவன் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண் நனைந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கால்தான் கடுத்தது.

“ராத்திரியும் இருக்கணுமா?”

“ஆமாம்மா, ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும்.”

கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஆள் படுக்க இடமிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.