ஸ்டேட்டஸில் போன டிக்கெட்

கச்சேரி வாசலில் இருந்த ஸ்கேனர், செல்போனின் முகத்தைப் பார்த்ததும் சிவப்பு விளக்கைப் போட்டது. "இந்த டிக்கெட்ல ஏற்கெனவே ஒருத்தர் உள்ளே போயாச்சு. தள்ளி நில்லு."

"எவன் போனான்? டிக்கெட் காலையிலிருந்து என்கிட்டதான் இருக்கு" என்று எகிறியது செல்போன்.

"இதே க்யூஆர் கோடுதான். கொஞ்சம் முன்னாடி வேற ஒரு போன் காட்டிட்டுப் போச்சு."

செல்போனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அதன் சொந்தக்காரன் சேந்தன், டிக்கெட்டை க்யூஆர் கோடு தெரிய அப்படியே ஸ்டேட்டஸில் போட்டு, 'நான் போறேன், நீங்க?' என்று எழுதியிருந்தான்.

சேந்தனோ, "சனியன் பிடிச்ச போன்" என்று அதை உள்ளங்கையில் ஓங்கி அடித்தான்.

"ஊருக்கே காட்டினது அவன். அடி மட்டும் எனக்கு" என்று பொருமியது செல்போன்.

"விடு, இனிமே திருந்திடுவான்" என்றது ஸ்கேனர்.

சேந்தன் வாசல் வளைவுக்கு முதுகைக் காட்டி நின்றான். செல்போனை உயர்த்திப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். 'உள்ளே வந்தாச்சு, செம கூட்டம்' என்று எழுதினான்.

செல்போன் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் ஊருக்கு அனுப்பியது.

முதல் ஆளாக ஹார்ட் போட்டவன், உள்ளே சேந்தனின் சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் நண்பன்.