சொல்லு வாப்பா

ஹஃப்ஸாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

"மூச்சு சத்தம் கேக்குதுன்னு மறுபடி பேசச் சொல்றீங்களே அண்ணே, நான் மூச்சு விடாமப் பாடம் நடத்தணுமா?"

"நீங்க பேசுங்கம்மா. மூச்சை நான் வெட்டிடறேன்."

"எல்லாத்தையும் வெட்டிடாதீங்க. இந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும்ல."

தஞ்சாவூரில் எங்களுடையது இணையம் வழியாகப் பட்டப்படிப்பு நடத்தும் கம்பெனி. அவள் கணக்குப்பதிவியல் ஆசிரியை. நான் பாடங்களை ஒலிப்பதிவு செய்பவன். மைக் செட் கடையில் வேலை பார்த்து, கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட தொழில்.

அன்று தேய்மானம் பற்றிய பாடத்தை முடித்துவிட்டு, அதிராம்பட்டினத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த மாதமே முதலாளி ரகுராமன் என்னைக் கூப்பிட்டார்.

"சாம்பசிவம், ஹஃப்ஸா மேடத்தோட பதிவு எல்லாத்தையும் சென்னை டீமுக்கு அனுப்பிடுங்க. மாணவர்கள் கேக்கற சந்தேகத்துக்கு அதே குரல்ல மெஷினே பதில் சொல்லிடும்."

"சரிங்க சார்," என்றேன். அனுப்பவில்லை. என் மனைவி போன பிறகு அவள் பேச்சு இருக்கிற போனையே நான் தொட்டதில்லை. இன்னொரு வீட்டுக் குரலை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. யாரும் மறுபடி கேட்கவும் இல்லை.

மே மாதம் கம்பெனியின் ஆண்டு நிதிநிலை முடிவுகளை அறிவிக்கும் கூட்டம். ஹோட்டல் ஹாலில் முதல் போட்டவர்களும் பத்திரிகைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மைக் பொறுப்பு என்னுடையது.

"மத்த படிப்பெல்லாம் இந்த வருஷம் சுமார்தான்," என்றார் ரகுராமன். "வணிகவியல் மட்டும் நம்மளத் தூக்கி நிறுத்தியிருக்கு. அதுல ஒரு மாணவர்கூடப் பாதியில நிக்கலை. காரணத்தை நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரில் பதிவு ஓடியது. ஒரு மாணவனின் குரல் வந்தது. "மேடம், இருக்கீங்களா? தேய்மானத்துல காசே வெளிய போகலையே. அதை ஏன் செலவுன்னு எழுதணும்?"

"சொல்றேன் வாப்பா," என்றது ஹஃப்ஸாவின் குரல். "காசு போகலை. ஆனா பொருள் தேய்ஞ்சுக்கிட்டே இருக்குல்ல? வெளியில தெரியலைங்கறதுக்காக அது தேயலைன்னு ஆயிடுமா?"

"இந்த மேடம் இப்ப உயிரோட இல்லை," என்றார் ரகுராமன். அச்சடித்த அறிக்கையை உயர்த்தி ஒரு வரியை வாசித்தார். "இந்தக் குரலுக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை."

கைதட்டினார்கள்.

"செத்தவங்களைக்கூட வேலை வாங்கறாங்கப்பா," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

நான் ஹெட்போனை மாட்டி அந்தப் பதிலை மறுபடி ஓடவிட்டேன். அவள் எந்த மாணவனையும் செல்லமாக 'வாப்பா' என்று கூப்பிட்டதில்லை. எல்லாரும் 'நீங்க'தான். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அந்தக் குரல் மூச்சு வாங்கியது.

அவள் பதிவுகளில் நான் வெட்டிவிடும் அந்த மூச்சு. கூட்டம் கலைந்ததும் ரகுராமனிடம் போனேன்.

"சார், அந்தக் குரலை யார் செஞ்சாங்க?"

"என்ன கேள்வி இது? நீங்க அனுப்பின பதிவை வெச்சு சென்னையில செஞ்சாங்க."

"நான் எதையும் அனுப்பலை சார்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டார்.

"பதிவே வரலை சார்," என்றது ஸ்பீக்கரில் ஓர் இளங்குரல். "வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சோம். மெஷின் எதுவும் ஓடலை. பதிலெல்லாம் ஹஃப்ஸா மேடத்தோட லாகின்லேர்ந்துதான் போகுது."

"அவங்க செத்துட்டாங்கய்யா."

"தெரியும் சார். ஆனா தினமும் போகுது."

அந்த ஏசி ஹாலில் ரகுராமன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துருவோம்."

அவர் காரில் பட்டுக்கோட்டை தாண்டிப் போனோம். அதிராம்பட்டினத்தில் வீட்டைக் கண்டுபிடித்து, அழைப்பு மணியை அழுத்தினேன்.

"வர்றேன், இருங்க," என்று உள்ளேயிருந்து ஹஃப்ஸா சொன்னாள்.

ரகுராமன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

கதவு திறந்தது. ஹஃப்ஸாவின் உம்மா, ஆசியா. கையில் மகளின் போன். நாங்கள் யார் என்று சொன்னோம்.

"பயந்துட்டீங்களா?" என்று அதே குரலில் கேட்டார். "போன்ல எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது. அவ கூட்டாளிங்க என்கிட்ட ரகசியத்தையெல்லாம் கொட்டிட்டு அப்புறம் நாக்கைக் கடிச்சுக்குவாளுங்க."

"அம்மா, பதில் சொல்றது நீங்களா?" என்றார் ரகுராமன். "உங்களுக்குக் கணக்குப்பதிவியல் எப்படி..."

"அவ குரலைக் கேக்கலாம்னுதான் பாடத்தைப் போட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டதுல பாடமும் மனசுல ஏறிடுச்சு. ஒண்ணு தெரியலைன்னா மறுபடி அவளையே போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுவேன்."

போனைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"புள்ளைங்க 'மேடம், இருக்கீங்களா'ன்னு கேக்குதுங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தப்புன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

ரகுராமன் என்னைப் பார்த்தார். அவர் கையில் அந்த அறிக்கை சுருட்டியபடி இருந்தது.

"நிறுத்தாதீங்கம்மா," என்றார். "பரீட்சை வருது." கொஞ்சம் தயங்கினார். "நீங்கதான்னு மட்டும் வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

"நான்னு தெரியக் கூடாதுன்னுதானே நானும் பேசறேன்," என்றார் ஆசியா.

போன் மினுங்கியது. அவர் எங்களை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சொல்லு வாப்பா, இருக்கேன்."

அந்த ஆண்டறிக்கை இப்போதும் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கிறது. ஹஃப்ஸாவின் படத்துக்குக் கீழே அந்த வரியும் அப்படியே இருக்கிறது: 'இந்தக் குரலுக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை.'