பத்து மிடறு தண்ணீர்

முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்த அந்தப் பெண், பரிசோதனை அறையில் டெக்னீஷியன் சாப்பிடுவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஜன்னலோரம் நின்றபடி ஒரு வாய் மெல்வார், தண்ணீர் பாட்டிலைச் சாய்ப்பார், மறுபடி ஒரு வாய். பாதியிலேயே டப்பாவை மூடிவிட்டார். பாட்டில்தான் காலியாகியிருந்தது.

"பட்டினி கிடக்கிறவ முன்னாடி நின்னு திங்கிறாரே, கொஞ்சம் இங்கிதம் வேணாம்?" என்று அவள் கணவன் முணுமுணுத்தான்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க. காலையிலேர்ந்து ஏழு பேர். உட்கார்ந்து சாப்பிட எங்கே நேரம்? ஓடி ஓடியே இளைச்சுட்டேன்" என்று தொளதொளத்த பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கினார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பத்து தடவை தண்ணி கொடுப்பேன்மா. நான் சொன்னாத்தான் விழுங்கணும்."

"ஒண்ணும் இருக்காதுங்க" என்றான் கணவன் அலுப்போடு. "எல்லாம் மனசுதான்னு ரெண்டு டாக்டர் சொல்லியாச்சு. மூணு வருஷமா இதே பாட்டு, நெஞ்சுல நிக்குது, நெஞ்சுல நிக்குதுன்னு. எங்க அம்மா நடிப்புன்னே முடிவு கட்டிட்டாங்க. இன்னைக்கும் ஒண்ணுமில்லேன்னா இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

"விழுங்குங்க... ம்... விழுங்குங்க..."

நாலாவது மிடறுக்குப் பிறகு டெக்னீஷியன் கொட்டாவி விடுவதை நிறுத்தினார். பத்தாவது முடிந்ததும் கணினித் திரையில் பதிவை ஒருமுறை பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

"முறைப்படி டாக்டர்தான் சொல்லணும். ஆனா இது நடிப்பில்லீங்க" என்றார். "சாப்பாட்டுக் குழாயோட அடியில கதவு மாதிரி ஒண்ணு இருக்கு. விழுங்கினா தானா திறக்கணும். இவங்களுக்குப் பத்து தடவையும் திறக்கல. இதை எந்த நடிகையாலும் நடிச்சுக் காட்ட முடியாது."

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளோ, அப்பாடா என்று மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

குழாயை உருவி எடுத்துவிட்டு டெக்னீஷியன் கேட்டார். "எப்படிம்மா இவ்வளவு நாள் சமாளிச்சீங்க?"

"நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி குடிச்சு உள்ள தள்ளுவேன்."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உட்காருங்க தம்பி, அடுத்தது நீங்கதான்."